எல்லோரும் தலையாட்டிய ஏக்கர் கணக்கு: வன்னிக் குளமொன்றின் சிறுபோகச் செயலமர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் வடக்கே வன்னியில் நடுத்தர அளவுள்ள ஒரு குளத்தின் கீழ், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பேசித் தீர்மானிக்க நடந்த செயலமர்வின் பதிவு இது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிந்தைய ஒரு போகம். குளத்தின் பெயர், ஊரின் பெயர், ஆட்களின் பெயர் எதுவும் இதில் இல்லை. குறிப்பெடுப்பது என் பொறுப்பு. யார் என்ன சொன்னார்கள் என்பதோடு, யாருக்குப் பின் யார் பேசினார்கள், எப்போது அறை அமைதியானது என்பதையும் எழுதி வைத்தேன். இந்தப் பதிவுக்கு அந்த இரண்டாவது வகைக் குறிப்புகள்தான் அதிகம் உதவின.

பின்னணி

வன்னியின் மழை ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் பெரும்பாலும் கொட்டித் தீர்ந்துவிடும். மழைக்கால நெற்செய்கையான காலபோகம் அந்த மழையோடு போகும், குளம் அதற்குத் துணை. சித்திரையில் தொடங்கும் சிறுபோகத்துக்கு அந்தத் துணையே முழு முதல். குளம் நிரம்பி வான் பாயாத ஆண்டில் எல்லா வயலுக்கும் தண்ணீர் கொடுக்க வழியில்லை. ஆகவே வயற்பரப்பில் ஒரு பகுதியை மட்டும் தெரிந்து, அதைக் கமக்காரர் எல்லோருக்கும் பங்காகப் பிரித்துக் கொடுப்பார்கள். இரணைமடு போன்ற பெரிய குளத்திலும் இந்த வழக்கம் உண்டு. இரண்டு ஏக்கருக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று விகிதம் குளத்து நீரைப் பார்த்து மாறும்.

இந்தக் குளத்தின் கீழ் இடதுகரை, வலதுகரை என்று இரண்டு வாய்க்கால்கள். மொத்தம் ஏறக்குறைய 1,200 ஏக்கர் வயல். முந்திய சிறுபோகத்தில் இரண்டுக்கு ஒன்று என்று 600 ஏக்கர் விதைத்தார்கள். கதிர் வரும் நேரத்தில் குளம் அடிதட்டியது. கடைசி இரண்டு முறை விட்ட தண்ணீர் வாய்க்கால் முடியும் வால்பகுதிக்குப் போகவில்லை, பயிர் கருகியது. 2021 இரசாயன உரத் தடையிலும் அடுத்த ஆண்டு டீசல் வரிசையிலும் அடிபட்டு, நகை அடகு வைத்து விதைத்த குடும்பங்கள் அவை. யார் பிழை என்ற பேச்சு அந்த ஆண்டு முழுவதும் ஓயவில்லை. நீர்ப்பாசனத் திணைக்களம் கணக்குப் பிழையாகத் தந்தது என்றார்கள் சிலர். தலைப்பகுதிக்காரர் இரவில் மடை திறந்தார்கள் என்றார்கள் வேறு சிலர்.

ஏக்கரையும் திகதியையும் தீர்மானிக்கும் அதிகாரம், நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த சிறுபோகக் கூட்டத்துக்குத்தான் உண்டு. அரச அதிகாரி தலைமையில் நடக்கும் அந்தக் கூட்டத்தில் சத்தம் அதிகம், நேரம் குறைவு. அதற்கு முன் ஆற அமரப் பேச இரண்டு அமர்வுகள் வைத்துப் பார்க்கலாம் என்று மாவட்டத்தில் வேலை செய்த ஒரு அமைப்பு கேட்டது, அதிகாரிகளும் சம்மதித்தார்கள். செயலமர்வின் முடிவு பரிந்துரை மட்டுமே என்பது முதலிலேயே தெளிவாகச் சொல்லப்பட்டது.

வந்தவர்கள்

கமக்காரர் அமைப்புகளின் தலைவர், செயலாளர், பொருளாளர்கள், தலைப்பகுதி, வால்பகுதிக் கமக்காரர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து சில பெண்கள், அவர்களில் பலர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள், நன்னீர் மீன்பிடிச் சங்கத்தார், நீர்ப்பாசனத் தொழில்நுட்ப உத்தியோகத்தர், கமநல அபிவிருத்தி உத்தியோகத்தர், விவசாயப் போதனாசிரியர், துருசு, அதாவது குளத்து நீரை வாய்க்காலுக்கு விடும் கதவு, அதைத் திறந்து மூடும் வேலையாள். எல்லாமாக நாற்பது பேர் அளவில். மாடு வளர்ப்போருக்கு அழைப்புப் போகவில்லை. அதன் விளைவு பின்னால் வரும்.

அமர்வுகளை நடத்திய வளவாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண். அனுபவம் உள்ளவர், வன்னித் தமிழும் பழக்கம். இருந்தும் தேத்தண்ணி நேரத்தில் ஒரு முதியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "தண்ணிக் கணக்கு எடுக்க யாழ்ப்பாணத்தால வந்திருக்கினம். பிறகு குழாய் போடுவினம், பார்" என்றது என் காதில் விழுந்தது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கமக்காரர் எதிர்த்ததும், பிறகு தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் வழிக்கு அது மாறியதும் இங்கே யாருக்கும் மறந்துவிடவில்லை. தண்ணீர் பற்றிய எந்தக் கேள்வியும் அந்த நினைவைத் தாண்டித்தான் காதில் ஏறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009க்குப் பின் மீள்குடியேறிய ஊர்களில் செயலமர்வு எப்படி நடக்கும் என்று சனத்துக்கு அத்துப்படி. வரவுப் பதிவில் கையெழுத்து, டிமை என்ற பெரிய தாளில் பச்சை மார்க்கர், குழுவாகப் பிரி, குழுத் தலைவர் வாசி, கைதட்டு, சாப்பாட்டுப் பார்சல். எந்தப் பதிலுக்கு வளவாளர் முகம் மலரும் என்று கண்டுபிடிக்கும் திறமை பத்துப் பதினைந்து ஆண்டுப் பயிற்சியில் வந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்தால்தான் வீட்டுத்திட்டமும் கிணறும் வந்த காலம் ஒன்று இருந்தது.

முதல் அமர்வில் கண்டவை

பொதுநோக்கு மண்டபம். முன்னால் துணி விரித்த மேசை, அதன் பின் உத்தியோகத்தர்கள். எதிரே வரிசை வரிசையாகப் பிளாஸ்ரிக் கதிரைகள். முன்வரிசையில் அமைப்புத் தலைவர்கள், நடுவில் கமக்காரர், கதவோரம் பெண்கள். மீன்பிடிச் சங்கத்தார் பாதி நேரம் வெளியே வேம்பின் கீழ் நின்றார்கள். துருசு வேலையாள் கதிரை அடுக்கியவர்களோடு சேர்ந்து கடைசியில் நின்றார், அவரை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் முதலில் பேசினார். குளத்து அளவுகோல் காட்டும் உயரத்தை அட்டவணையில் பார்த்தால் 3,000 ஏக்கரடி நீர் நிற்கிறது (ஒரு ஏக்கரில் ஒரு அடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஒரு ஏக்கரடி). குடிநீர்க் கிணறுகளுக்கும் மீனுக்கும் மாட்டுக்கும் என்று 600 ஒதுக்கினால் மிச்சம் 2,400. ஏக்கர் நெல்லுக்கு 5 ஏக்கரடி என்று பிரித்தால் 480 ஏக்கர். வெண்பலகையில் அந்த எண்ணை எழுதி வட்டமிட்டார்.

அடுத்து எழுந்தவர் மூத்த அமைப்புத் தலைவர். மரியாதையான, ஊருக்கு உழைத்த மனிதர். "சேர் சொல்லுறது சரி. ஆனால் சனம் கடனில கிடக்குது. போன முறை போல இரண்டுக்கு ஒன்று தந்தால்தான் ஒருத்தருக்கும் மனவருத்தம் வராது" என்றார். அதற்குப் பின் பேசியவர்கள் எல்லோரும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நின்று பேசினார்கள். ஒருவர் 500 என்றார், இன்னொருவர் 580. யாரும் 400 என்று சொல்லவில்லை, 3,000 சரிதானா என்று கேட்கவும் இல்லை. ஒரு மணித்தியாலம் முடிவதற்குள் 550 என்று வந்து நின்றது. "எல்லாருக்கும் சம்மதமோ?" என்ற கேள்விக்கு மண்டபம் முழுவதும் தலையாட்டியது. பேச்சின் பெரும் பங்கு ஐந்து பேருடையது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்தது: "ஓம்."

அந்தத் தலையாட்டலுக்குள் என்ன இருந்தது என்று எனக்குப் பிறகுதான் துண்டு துண்டாகத் தெரிந்தது. தேத்தண்ணியின் போது மீன்பிடிச் சங்கத்தார் ஒருவர், துருசுக்கு முன்னால் முன்பு கழி எட்டாத இடத்தில் இப்போது இடுப்பளவு தண்ணீர்தான், மண் ஏறிவிட்டது என்றார். உள்ளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது வயல்காரரின்ர கூட்டம் தானே" என்றார். வால்பகுதிக் கமக்காரர் ஒருவருக்கு 550 ஏக்கருக்குத் தண்ணீர் காணாது என்று உறுதியாகத் தெரியும். ஆனால் தலைவர் அவருடைய மனைவியின் தாய்மாமன். சபையில் மறுத்துப் பேசினால் வீட்டில் சோறு இறங்காது.

1985இல் கரோல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், மாணவர் தலைவர் பதவிக்குக் கற்பனை வேட்பாளர்களை வைத்து நாலு பேர் கொண்ட குழுக்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். தகவல்களைப் பிரித்து, சிலவற்றை எல்லோருக்கும் சிலவற்றை ஒருவருக்கு மட்டும் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேட்பாளர்தான் சிறந்தவர். குழுக்களோ எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை வைத்து வேறொருவரைத் தெரிந்தன. அந்தச் சோதனையில் பங்குபற்றியவர்களுக்கு மறைக்க எந்தக் காரணமும் இல்லை. நம் மண்டபத்தில் உறவும் கடனும் உத்தியோகமும் கூடவே இருந்தன. ஒருவரிடம் மட்டும் இருந்த தகவல் சபைக்கு வராமல் போனதில் வியப்பில்லை.

அன்று மாலை எடுத்த தீர்மானம்

திட்டப்படி இரண்டாம் அமர்வில் 550 ஏக்கரை எந்த எந்த வாய்க்காலுக்குப் பங்கிடுவது என்று பேச வேண்டும். மாலையில் வளவாளரும் உத்தியோகத்தர்களும் நானும் இருந்து பேசினோம். சம்மதம் வந்த வேகம்தான் வளவாளரை உறுத்தியது. போன ஆண்டு பயிர் கருகியவர்கள் உள்ள மண்டபத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள், ஒரு சண்டை இல்லாமல், எப்படி 550 வரும் என்று கேட்டார். தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு முதலில் பிடிக்கவில்லை. சனம் ஒத்துக்கொண்டதை மறுபடி கிளறினால் கூட்டம் கலையும் என்பது அவர் பயம். அனுபவத்தில் வந்த பயம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் மீன்பிடிச் சங்கத்தார் சொன்ன மண் ஏற்றக் கதையைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அட்டவணை தயாரித்த காலத்துக்குப் பின் குளம் எத்தனை வெள்ளத்தைக் கண்டுவிட்டது என்று அவரே சொன்னார். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கிய வெள்ளத்தில் இந்தக் குளத்துக்குள்ளும் மண் வந்து சேர்ந்திருக்கிறது.

மூன்று விஷயங்கள் தீர்மானமாயின. இரண்டாம் அமர்வைச் சில நாள் தள்ளி, அதற்குள் குளத்தின் ஆழத்தைத் தோராயமாக அளப்பது. அமர்வை மண்டபத்தில் வைக்காமல் பாடசாலை முற்றத்தில், மண்ணில் வாய்க்கால் வரைபடம் போட்டு நடத்துவது. பேச்சுக்கு முன் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததைப் பெயரில்லாத அட்டையில் எழுதுவது. உத்தியோகத்தர்கள் தங்கள் எண்ணைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும் என்று வளவாளர் கேட்டார், அதற்கும் ஒத்துக்கொண்டார்கள்.

குளத்துக்குள் ஒரு காலை

அளவெடுக்க மீன்பிடிச் சங்கத்தின் வள்ளங்கள் வந்தன. அடி குறித்த கழி, கல் கட்டிய கயிறு, ஒரு கொப்பி. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வள்ளத்தில் ஏறியதும் அங்கே யார் பெரியவர் என்பது மாறிவிட்டது. எந்த வரிசையில் போனால் பழைய ஆற்றுப் பள்ளம் வரும், எங்கே மண் திட்டு என்று மீனவர்கள் சொல்ல, அவர் எழுதினார். வலை இழுக்கும்போது கையும் கழியும் அறிந்ததை இவர்கள் இதுவரை யாருக்கும் எண்ணாகச் சொன்னதில்லை, சொல்லும்படி யாரும் கேட்டதும் இல்லை. உத்தியோகத்தரின் அட்டவணையோ குளத்துக்குள் இறங்கிப் பார்த்ததில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோது நீர் அட்டவணை சொன்னதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு என்று வந்தது. 3,000 இல்லை, ஏறக்குறைய 2,500 ஏக்கரடி. தோராயம்தான், முறையான அளவை இல்லை. ஆனாலும் 550 ஏக்கர் என்ற பேச்சை நிறுத்த அது போதும்.

இரண்டாம் அமர்வு

முற்றத்தில் சாம்பலால் குளக்கட்டும் வாய்க்கால்களும் வரையப்பட்டன. துருசுக்குச் செங்கல், மடைகளுக்குக் குச்சி. முன்வரிசை பின்வரிசை இல்லை. அவரவர் தங்கள் வயல் இருக்கும் இடத்தில் போய் நின்றார்கள். அதனால் வால்பகுதிக்காரர் ஒன்றாகச் சேர்ந்து நிற்க நேர்ந்தது, அவர்கள் எத்தனை பேர் என்பது முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. தலைவரின் மருமகன் முறையானவரும் அங்கே நின்றார். அவர் எதையும் மறுத்துப் பேசவில்லை. குனிந்து வாய்க்காலின் ஓரிடத்தில் ஒரு கல்லை வைத்து, "இஞ்சைதான் மணல் தண்ணியைக் குடிக்குது" என்றார். கல்லை வைத்ததை மாமனை எதிர்த்துப் பேசியதாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

அங்கிருந்துதான் சண்டை தொடங்கியது. துருசு திறந்தால் இரண்டு நாளில் வாலுக்குத் தண்ணீர் போய்விடும் என்றார் தலைப்பகுதிக்காரர் ஒருவர். நாலு நாள் என்றார் வால்பகுதிக்காரர். பொய், நீ இரவில மடையைத் திறக்கிறாய், நீ வாய்க்கால் துப்புரவாக்க வாறதில்லை என்று குரல் உயர்ந்தது. கிராம அலுவலரைக் கூப்பிடுவமோ என்று யாரோ கேட்டார்கள். வளவாளர் தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்: "இரண்டு நாளில வந்ததை எப்ப பார்த்தனீங்கள்? நாலு நாள் எப்ப எடுத்தது?"

அப்போது துருசு வேலையாள் தன் சேட்டுப் பையிலிருந்து ஒரு சிறிய கொப்பியை எடுத்தார். எந்தத் துருசு எப்போது திறந்தது, எவ்வளவு திறந்தது, வாலில் தண்ணீர் எப்போது தெரிந்தது என்று பல போகங்களாகத் தன் பாட்டுக்குக் குறித்து வைத்திருந்தார். அவருடைய மேலதிகாரிக்கே அது தெரியாது. கொப்பியைப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இடதுகரை மட்டும் திறந்த நாட்களில் இரண்டு நாள். இரண்டு கரையும் ஒன்றாகத் திறந்தால் வாய்க்காலில் நீர் மட்டம் தாழ்ந்து, அந்த மணல் துண்டைத் தாண்டவே நாலு நாள். முற்றத்தில் நின்ற ஒருவருக்கும் இந்த முழுப் படம் முன்பு தெரிந்திருக்கவில்லை, கொப்பிக்காரருக்கும்தான். அவர் எழுதி வந்தாரே தவிர இரண்டு துருசுகளின் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. இந்தச் செயலமர்வில் புதிதாக ஒன்று உருவானது என்றால் அது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். முதல் நாளின் மரியாதை நீடித்திருந்தால் அந்தக் கொப்பி பையை விட்டு வெளியே வந்திருக்காது.

அட்டைகள் வேறொரு கதையைக் கொண்டு வந்தன. பெரும்பாலானவை எதிர்பார்த்தவை: விதைநெல் நேரத்துக்கு வராது, யானைவேலி அறுந்து கிடக்கிறது, கிணறு வற்றும். ஒரு அட்டையில் மட்டும், "பங்கு எல்லாருக்கும். விதைக்கிறது பத்துப் பேர்" என்று இருந்தது. வளவாளர் வாசித்ததும் முற்றம் உறைந்தது. தலைவர் சிரித்துவிட்டு மண்ணைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். உழவு இயந்திரமும் கைமுதலும் இல்லாதவர்கள் தங்கள் சிறுபோகப் பங்கைக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவார்கள். வாங்குபவர்கள் சிலர். அவர்களில் முன்வரிசைக்காரரும் உண்டு. இதை வைத்துப் பார்த்தால் குத்தகை எடுப்பவர்களே கூடுதல் ஏக்கர் கேட்டார்கள் என்று தோன்றும். ஆனால் மதியம் ஒரு அக்கா எனக்கு வேறு விதமாக விளக்கினார். "பங்கு குறைஞ்சால் எனக்குக் குத்தகைக் காசும் குறையும் தம்பி. நான் ஏன் குறைக்கச் சொல்லப் போறன்? பயிர் கருகினாலும் காசு முதலே கைக்கு வந்திடும்." ஆகவே 550க்கு அவர் சொன்ன "ஓம்" பயத்தினால் வந்ததல்ல, கணக்குப் பார்த்துச் சொன்னது. கூடுதல் ஏக்கரில் ஒருவருக்குக் குத்தகைக் காசு, ஒருவருக்கு வயல், ஒருவருக்கு உறவு. வால்பகுதியில் தானே விதைப்பவர்களுக்குத்தான் ஆபத்து. அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, உறவால் கட்டுப்பட்டவர்கள்.

இதைச் சபையில் விவாதிப்பதில்லை என்று வளவாளர் தீர்மானித்தார். அட்டை மற்றவற்றோடு தாளில் ஒட்டப்பட்டது, அவ்வளவுதான். சிலருக்கு இது கோழைத்தனமாகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குத்தகையைப் பகிரங்கமாக எடுத்தால் விதைக்காதவர்க்குப் பங்கு எதற்கு என்ற கேள்வி அடுத்து வரும். அந்த அக்காவின் ஆண்டு வருமானத்தில் ஒரு துண்டு அதோடு போகும். செயலமர்வு முடிந்து நாங்கள் போய்விடுவோம், அவர் அதே ஊரில்தான் இருக்க வேண்டும்.

முடிவும் அதன் காரணங்களும்

கடைசியில் உத்தியோகத்தர்கள் பேசினார்கள். 2,500இல் 600 ஒதுக்கினால் 1,900 ஏக்கரடி. அதற்குள் 400 ஏக்கர், அதாவது மூன்றுக்கு ஒன்று. 300 ஏக்கர் நெல்லுக்கு 1,500; 100 ஏக்கர் உழுந்து, பயறு போன்ற மறுவயற் பயிருக்கு ஏக்கருக்கு இரண்டரை வீதம் 250. மிச்சம் 150 கைவசம். நெல்லுக்குப் பி.ஜி. 300 போன்ற மூன்று மாத இனம் மட்டும்.

முழு 400 ஏக்கரையும் இடதுகரையின் மேல், நடுப் பகுதியில் வைப்பது, வலதுகரைத் துருசை அந்தப் போகம் முழுவதும் மூடுவது என்பது கொப்பி தந்த முடிவு. வலதுகரைக்காரர் இலேசில் ஒத்துக்கொள்ளவில்லை. இடதுகரையில் பங்கு கிடைத்தாலும் தங்கள் வயல் தரிசாகக் கிடந்தால் மாடு வரம்பை உழக்கிவிடும் என்றார்கள். அடுத்த சிறுபோகம் வலதுகரையில் என்று கூட்டக் குறிப்பில் எழுதுவதாகச் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார்கள். 600 ஏக்கரடி ஒதுக்கத்தின் மட்டத்தைத் துருசுக் கோபுரத்தில் சிவப்பு மையால் கோடாக அடிக்க வேண்டும் என்பது மீன்பிடிச் சங்கத்தின் கோரிக்கை. அரசின் நீருயிர் வளர்ப்பு அதிகாரசபையான நக்டா விட்ட மீன் குஞ்சுகள் வளர அந்தத் தண்ணீர் வேண்டும். அதுவும் ஏற்கப்பட்டது.

மூத்த தலைவர் கடைசிவரை 400ஐ வாயால் ஆதரிக்கவில்லை. எதிர்க்கவும் இல்லை. சிறுபோகக் கூட்டத்தில் அவரே எழுந்து, "குளத்தில மண் ஏறிப்போச்சு, வள்ளத்தில போய் அளந்து பார்த்தம்" என்று சொல்லிப் பரிந்துரையை முன்வைத்தார். அவர் வள்ளத்தில் ஏறவேயில்லை. ஆனால் அவர் வாயால் வந்ததால்தான் கூட்டம் அரை மணியில் அதை ஏற்றது. முதல் அமர்வில் மற்றவர் வாயை அடைத்த அதே செல்வாக்கு இங்கே முடிவைக் காப்பாற்றியது.

போகம் நடந்த விதம்

முதல் தண்ணீர் சித்திரையின் பிற்பகுதியில் விடப்பட்டது. உழவு இயந்திரம் கிடைக்காமல் நிலம் பண்படுத்துவது இழுபட்டது, அதில் கைவசம் இருந்த 150 ஏக்கரடியில் ஒரு பங்கு போனது. நெல் 300 ஏக்கரும் விதைத்து, 300 ஏக்கரும் அறுத்தார்கள். கடைசித் தண்ணீர் குறித்த கிழமையில் போய்ச் சேர்ந்தது.

மறுவயற் பயிர் அப்படிப் போகவில்லை. 100 ஏக்கரில் 70 வரைதான் விதைத்தார்கள். விதை உழுந்து பிந்தி வந்தது, பன்றிக்கும் மயிலுக்கும் பயந்து சிலர் விட்டுவிட்டார்கள். விதைத்ததிலும் ஒரு பகுதியை மாடு மேய்ந்தது. மாடு வளர்ப்போர் எந்த அமர்விலும் இருக்கவில்லை. வலதுகரைத் துருசு மூடியதால் அந்தப் பக்கத்து மடைகளில் மாட்டுக்குத் தண்ணீர் இருக்காது, பட்டி இடதுகரைக்கு வரும் என்று முற்றத்தில் நின்ற யாருக்கும் உறைக்கவில்லை. பட்டிக்காரர் ஒருவர் இருந்திருந்தால் ஒரு சொல்லில் சொல்லியிருப்பார்.

ஆனியில் ஒரு இரவு மடை திறந்த சண்டையும் வந்தது. துருசு வேலையாளின் கொப்பியைப் பார்த்து எந்த முறைக்காரர் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு அந்த வேலையாள் சில நாள் தனியே வாய்க்கால் பக்கம் போகப் பயந்தார். அறிந்ததை வெளியே சொன்னவருக்கு வரும் விலை இது. அமர்வின் திட்டத்தில் இதற்கு ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை.

ஆவணியில் நீர் சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. கோடு இன்னும் ஒரு அடி மேலே இருக்க வேண்டும் என்று மீன்பிடிச் சங்கம் கடிதம் கொடுத்தது. குத்தகை முன்பு போலவே நடந்தது.

மாற்ற வேண்டியவை

எண்ணைக் கடைசியில் சொல்வது முதல் நாளிலிருந்தே விதியாக இருக்க வேண்டும். வட்டமிட்ட ஒரு எண் பலகையில் ஏறிவிட்டால் பேச்சு அதைச் சுற்றித்தான் நடக்கும். முதல் அமர்வையும் முற்றத்தில் வைத்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

அட்டையை நான் முழுமனதோடு சிபாரிசு செய்யமாட்டேன். எழுத வராத முதியவர்கள் மற்றவரிடம் சொல்லி எழுதுவித்தார்கள். அப்புறம் பெயரில்லாத அட்டை என்று எதைச் சொல்வது? சிலருடைய எழுத்தை ஊரே அறியும். கல், குச்சி, அவரவர் நிற்கும் இடம் ஆகியவை அட்டையைவிட அதிகம் வெளிக்கொண்டு வந்தன. பெண்களுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு அமர்வு, அதுவும் வெளியாள் எழுதாமல், இருந்திருந்தால் குத்தகையின் கணக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால், பங்கு குறைவதால் குத்தகைக் காசு குறைபவர்களுக்கு உழுந்து விதை, உழவுச் செலவு என்று ஏதாவது ஈடு யோசித்திருக்கலாம்.

அழைப்பை அமைப்புகளின் பட்டியலைப் பார்த்து அனுப்பினால் சங்கம் இல்லாதவர் விடுபட்டுப் போவார். தண்ணீர் எங்கே எங்கே தொடுகிறது என்று பார்த்து அனுப்ப வேண்டும்: பட்டிக்காரர், அலைகரையில் தோட்டம் செய்பவர், குளத்துக்குக் கீழே கிணறு வைத்திருப்பவர்.

பெரிய கவலை பதிவு பற்றியது. டிமை தாள்கள் சுருட்டி ஒரு அலுமாரியில் வைக்கப்பட்டன. தொழில்நுட்ப உத்தியோகத்தர் அடுத்த ஆண்டு இடமாற்றம் பெற்றார். புதியவரின் மேசையில் இருப்பது பழைய அட்டவணைதான், வள்ளத்தில் எடுத்த தோராயத்தை வைத்து அதைத் திருத்த முடியாது. முறையான அளவையைச் செய்யச் சுலபமான காலம் குளம் அடிமட்டத்தில் கிடக்கும் ஆவணி, புரட்டாதி. அதற்கான கடிதத்தைக் கமக்காரர் அமைப்புகளும் மீன்பிடிச் சங்கமும் ஒன்றாகக் கையெழுத்திட்டுத் திணைக்களத்துக்குக் கொடுத்திருக்கின்றன. கொப்பியின் பிரதி இரண்டு கரை அமைப்புகளிடமும் இருக்கிறது. அதைத் தொடர்ந்து எழுதும் வேலையை இனி வேலையாள் ஒருவரின் தலையில் போடாமல், இரண்டு கரையிலிருந்தும் ஒவ்வொருவர் கூட நின்று கையெழுத்திட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வலதுகரைக்குத் தருவதாக வாக்குறுதி கொடுத்த சிறுபோகத்தின் கூட்டத்தில் இதுவும் பேசப்பட இருக்கிறது.